‘எ ரெய்சின் இன் தி சன்’: வெறும் குடும்பச் சண்டையா?

லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் இந்த நாடகத்தில் (1959) சமூகப் பிரச்சினை எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். பணக் கணக்கைப் பிடித்துக்கொண்டு படியுங்கள், தெரிந்துவிடும்.

சிகாகோவில் வாழும் ஒரு கறுப்பர் குடும்பத்தின் கதை இது. அப்பா இறந்ததில் வந்த காப்பீட்டுப் பணம் 10,000 டாலர். அம்மா லீனா 3,500-ஐ வெள்ளையர் பகுதியில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டுகிறாள். மீதி 6,500-ல் மகளின் படிப்புக்கு 3,000 போடச் சொல்லி மகன் வால்ட்டரிடம் கொடுக்கிறாள். அவன் மொத்தத்தையும் மதுக்கடைத் திட்டத்தில் இறக்க, கூட்டாளி கம்பி நீட்டிவிடுகிறான்.

வெள்ளையர் பகுதியில் ஏன் வீடு? சிகாகோவில் கறுப்பர்களுக்கென்று கட்டும் வீடுகள் இருமடங்கு விலை என்கிறாள் லீனா. அங்கே வராமலிருக்கப் பணம் தருவதாகச் சொல்ல வரும், அப்பகுதி வெள்ளையர் சங்கத்தின் ஆளான லிண்ட்னர் கத்துவதில்லை, பணிவாகவே பேசுகிறார். அவரை வில்லனாக நடித்தால் காட்சியே படுத்துவிடும். ஹான்ஸ்பெரியின் அப்பாவே கறுப்பர்கள் குடியேறக் கூடாதென்ற இத்தகைய தடையை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் போய், 1940-ல் ஒரு சட்ட நுணுக்கத்தில் வென்றவர்.