எந்தச் செடி மணலில், எந்தச் செடி கட்டையில்?

மீன்தொட்டிச் செடிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மதுரை வாசகர்: அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் லேசில் சாகாது என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். மணலில் ஆழமாக நட்டேன். 20 நாளில் அடி கறுத்து, இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதக்கின்றன. ஏன்?

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆழமாக நட்டதுதான் வினை. இவ்விரண்டிலும் இலைக்காம்புக்கும் வேருக்கும் நடுவே, இஞ்சி போலப் படுத்தபடி ஒரு தடித்த தண்டு இருக்கும். அதை மணலில் புதைத்தால் அழுகும். இலைகள் அதிலிருந்துதான் கிளம்புவதால் அவையும் கழன்றுவிடும். செடியை வெளியே எடுத்து அந்தத் தண்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று நசுங்கும் பகுதியைப் பிளேடால் வெட்டி எறியுங்கள். கெட்டியான துண்டு, இரண்டு இலையோடு ஓர் அங்குலம் மிஞ்சினாலும் பிழைக்க வாய்ப்புண்டு. அதைக் கறுப்புத் தையல்நூலால் கட்டையிலோ கல்லிலோ கட்டுங்கள். ஜெல் வகை சூப்பர் குளூ ஒரு பொட்டு வைத்தும் ஒட்டலாம். பருத்தி நூல் நாளடைவில் இற்றுவிடும். அதற்குள் வேர் பிடிக்காவிட்டால் மறுபடி கட்ட வேண்டியதுதான்.

இரண்டுமே மெதுவாக வளர்பவை. விளக்குக்கு நேர் கீழே வைத்தால் இலைமேல் பாசி படியும். நிழலான மூலை போதும். ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகக் கரும்புள்ளிகள் தெரிந்தால் பயப்படாதீர்கள். அவை வித்துப்பைகள், நோயல்ல.

சேலம் வாசகி: கிரிப்டோகோரைன் வாங்கி நட்டு ஒரு வாரத்தில் இலையெல்லாம் கூழாகிவிட்டது. பிடுங்கி எறிந்துவிடலாமா?

வேண்டாம். கிரிப்டோவுக்கு இடம் மாறினால் இலை உதிர்ப்பது வழக்கம். நீரின் கடினத்தன்மையோ வெப்பமோ ஒளியோ சட்டென்று மாறினால் போதும். போதாததற்கு, பண்ணைகளில் இவற்றைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். காற்றில் வளர்ந்த இலை நீருக்குள் நிலைக்காது. கூழான இலைகளை மட்டும் கிள்ளி எடுத்துவிடுங்கள். விட்டால் அழுகி அம்மோனியாவைக் கூட்டும். வேரைத் தொடாதீர்கள். பொதுவாக மூன்று, நான்கு வாரத்தில் புது இலை வரும். இடம் சரியில்லை என்று அதற்குள் பிடுங்கி நட்டால் கதை முதலிலிருந்து தொடங்கும். கடைகளில் அதிகம் கிடைக்கும் வென்டிட்டி வகை இலங்கைக்கே உரியது. நம் ஊர் வெப்பத்தில் நன்றாகவே வரும்.

கோவை வாசகர்: 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி. செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு விடும் சிலிண்டர் வாங்கும் எண்ணமில்லை. என்ன செடி, எத்தனை, எங்கே?

முதலில் மணல். 1 முதல் 3 மில்லிமீட்டர் பருமனுள்ள ஆற்று மணல் சுமார் 15 கிலோ, அலசிய நீர் தெளியும்வரை கழுவியது. முன்பக்கம் ஒன்றரை அங்குலம், பின்பக்கம் மூன்று அங்குலம் எனச் சரிவாகப் போடுங்கள். தொட்டி ஆழமாகத் தெரியும். கடல் மணல் கூடாது, அதில் உப்பும் கிளிஞ்சலும் இருக்கும். ஆற்று மணலிலும் ஒரு சிட்டிகை எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. நீரின் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும்.

ஊறவைத்த கட்டையை நட்டநடுவில் வைக்காமல், ஒரு பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வைத்து, அனுபியாஸை அதில் கட்டுங்கள். பின்மூலை ஒன்றில் வாலிஸ்னேரியா 8 நாற்று, இரண்டு அங்குல இடைவெளியில். வேரும் இலையும் சேரும் கழுத்து மணலுக்கு மேலே தெரிய வேண்டும். எதிர்மூலையில் ஹைக்ரோபிலா பாலிஸ்பெர்மா 10 தண்டு. ரப்பர் பேண்டோ ஈயப்பட்டையோ போட்டுத்தான் கட்டு வரும். அப்படியே ஊன்றினால் உள்தண்டுகளுக்கு ஒளி கிடைக்காமல் அடி அழுகும். கட்டாக வந்ததைப் பிரித்து, அடியில் இரண்டு கணு இலைகளைக் கிள்ளி, ஒவ்வொரு தண்டாக நீண்ட இடுக்கியால் சற்றுச் சாய்வாக ஓர் அங்குலம் ஊன்றுங்கள். சட்டிச் செடி என்றால் வேரைச் சுற்றிய பஞ்சை முழுக்க எடுத்துவிடுங்கள். நடுவரிசைக்குக் கிரிப்டோ மூன்று. முன்பக்கம் வெறும் மணலே அழகு. புல்தரை போலப் படரும் செடிகள் பெரும்பாலும் வலுவான ஒளியும் கார்பன் டை ஆக்சைடும் இல்லாமல் ஏமாற்றும். அமேசான் ஸ்வார்ட் நல்ல செடிதான். ஆனால் ஓர் அடி உயரத் தொட்டியை ஒன்றே அடைத்துக்கொள்ளும்.

எல்லாச் செடியையும் ஒரே நாளில் நடுங்கள். நாலு செடி போட்டுவிட்டு மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், காலியிடத்தைப் பாசி பிடித்துக்கொள்ளும். விளக்கு முதல் மாதம் தினமும் 6 மணி நேரம், பிறகு 8. டைமர் மாட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை.

தஞ்சை வாசகி: வாலிஸ்னேரியாவின் பழைய இலைகளில் மட்டும் ஊசித்துளை போல ஓட்டைகள். மீன் கடிக்கிறதா?

மீன் கடித்தால் ஓரம்தான் முதலில் பிய்யும். பழைய இலையில் துளையும் அதைச் சுற்றி மஞ்சளும் இருந்தால் பெரும்பாலும் பொட்டாசியக் குறைவு. புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. மீன்தொட்டிக்கென்று விற்கும் திரவ உரத்தைக் குப்பியில் குறித்த அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். துளை விழுந்த இலை ஆறாது. புதிதாக வரும் இலைகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

திருச்சி வாசகர்: கோல்டுஃபிஷ் தொட்டியில் எந்தச் செடி நிலைக்கும்?

கட்டையில் கட்டிய அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும். மற்றவை அதற்குக் கீரை.

நாகர்கோவில் வாசகர்: கத்தரித்த காபோம்பா வாளி நிறைய சேர்கிறது. ஊர்க் குளத்தில் விடலாமா?

விடவே கூடாது. அது அமெரிக்கச் செடி. ஒரு சிறு துண்டிலிருந்தும் துளிர்க்கும். கேரள நீர்நிலைகள் சிலவற்றில் ஏற்கெனவே பரவிக் கிடக்கிறது. வாளியிலிருந்து அள்ளி மொட்டைமாடி வெயிலில் சருகாகக் காயவைத்து, பூந்தொட்டிக்குப் போடுங்கள்.