கேளுங்கள், சொல்கிறேன்: ஒரு வாரத்து ஊழியம்

கேள்வி: மகள் பதினோராம் வகுப்பு, சான் டியேகோவில் ஒரு கிறிஸ்தவப் பள்ளி. நாங்கள் இந்துக்கள், படிப்பு நன்றாக இருக்கிறது என்று சேர்த்தோம். வசந்த விடுமுறையில் பள்ளியிலிருந்து டிஹுவானாவுக்கு ‘மிஷன் ட்ரிப்’ போகிறார்கள், ஏழைகளுக்கு வீடு கட்டித் தருவார்களாம். அவளும் போயே தீருவேன் என்கிறாள். மதுரையிலிருந்து என் மாமியார், பேத்தியை மதம் மாற்றத்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று தினமும் போனில் புலம்புகிறார். அனுப்பலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, கலிஃபோர்னியா

பதில்: அனுப்பலாம். மூன்று நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

முதலில் உங்கள் அத்தைக்கு. டிஹுவானா மெக்சிகோவில் இருக்கிறது. அங்கே உங்கள் மகள் பார்க்கப்போகிறவர்கள் பெரும்பாலும் பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவர்கள். அவருடைய பயம் பேத்தியைப் பற்றியது என்பதும் புரிகிறது. காலையில் பைபிள் வாசிப்பு இருக்கும், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள், கடைசி நாள் ஒவ்வொருவராக எழுந்து ‘சாட்சி’, அதாவது தன் விசுவாச அனுபவத்தை, சொல்லச் சொல்வார்கள். நாள் முழுக்க வெயிலில் ஆணி அடித்துக் களைத்துப்போய், வீட்டு ஞாபகமும் சேர்ந்து, பக்கத்தில் ஒருவர் கிடார் வாசித்தால் பதினாறு வயதில் யாருக்கும் கண் கலங்கும், அதைப் பார்த்து மதம் மாறிவிட்டாள் என்று மதுரைக்குத் தந்தி கொடுக்க வேண்டாம். ஆனாலும் பொறுப்பு ஆசிரியரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: எங்கள் பெண் எல்லாவற்றிலும் கூட இருப்பாள், சாட்சி சொல்லும்படி மட்டும் வற்புறுத்தாதீர்கள் என்று. நல்ல பள்ளி என்றால் ஒப்புக்கொள்ளும்.

இனி வீடு. டிஹுவானாவின் மேட்டுக் குடியிருப்புகளில் இருப்பவர்களில் நிறையப் பேர் வாஹாகா, சினலோவா போன்ற வேறு மாநிலங்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள். மனையைத் தவணையில் வாங்கிவிட்டு, மேலே எழுப்பக் காசில்லாமல், கலிஃபோர்னியாவில் கழித்துப்போட்ட கராஜ் கதவுகளையே சுவராக நிறுத்தி, தார்ப்பாய் போர்த்திக் குடியிருப்பார்கள். மழைக்காலத்தில் உள்ளே சேறு. அந்த இடத்தில் கான்கிரீட் தளம் போட்டு, மரச்சட்டம் நிறுத்தி, ஓரிரு அறைகள் கொண்ட வீட்டை மூன்று நான்கு நாளில் முடித்துச் சாவியைக் கையில் கொடுப்பார்கள். ஊழியப் பயணங்களிலேயே இது எனக்குப் பிடித்த வகை, ஏனென்றால் பிள்ளைகள் போன பிறகும் வீடு அங்கேயே நிற்கிறது.

பள்ளியில் நீங்கள் கேட்க வேண்டியது: எந்தக் குடும்பத்துக்கு வீடு என்று யார் தீர்மானிக்கிறார்கள், அந்த ஊர்த் திருச்சபையா, இங்கிருந்து போகிறவர்களா? மனை யார் பேரில் இருக்கிறது? கூரையும் மின்சார வேலையும் பார்ப்பவர் தொழில் தெரிந்தவர்தானா? முந்தின வருஷம் கட்டிய வீடுகளை யாராவது திரும்பிப் போய்ப் பார்த்தார்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் எனக்குச் சந்தேகம் வரும்.

காகித வேலையை மறக்க வேண்டாம். மகள் அமெரிக்கக் குடிமகள் என்றால், பத்தொன்பது வயதுக்குள் பள்ளிக் குழுவோடு தரைவழியாகத் திரும்பும்போது பிறப்புச் சான்றிதழே போதும் என்ற விதி உண்டு. இருந்தாலும் பாஸ்போர்ட்டைக் கொடுத்தனுப்புங்கள். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தருவது) இருக்கிறாள் என்றால் பாஸ்போர்ட்டில் விசா முத்திரையின் தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், காலாவதியாகியிருந்தால் வக்கீலைக் கேட்காமல் எல்லை தாண்ட விடாதீர்கள். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி செய்த சம்மதக் கடிதமும் பையில் இருக்கட்டும். அப்புறம், அமெரிக்க வெளியுறவுத் துறை மெக்சிகோவுக்கான பயண எச்சரிக்கையை மாநிலவாரியாகப் போடுகிறது. டிஹுவானா இருப்பது பாஹா கலிஃபோர்னியாவில், அந்தப் பகுதியைப் படித்துவிட்டு, ராத்திரி எங்கே தங்கவைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: அந்தக் காலத்து மிஷனெரிகள் வந்தால் இங்கேயே கல்லறையாகிப் போனார்கள். ஒரு வாரம் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவதற்கும் ஊழியம் என்று பேரா? விமான டிக்கெட் காசை அனுப்பிவைத்தால் போதாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: ஐயா, நீங்கள் சொல்லும் அந்தக் காலத்துக் கதையும் மாணவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. 1806இல் மாசசூசெட்ஸில் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் இடிமழைக்கு ஒரு வைக்கோல் போரடியில் ஒதுங்கியபோது, ஆசியாவுக்குப் போக வேண்டும் என்று ஜெபம் செய்தார்கள். அதிலிருந்து 1810இல் அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம், 1816இல் யாழ்ப்பாணத்தில் அவர்கள் மிஷன், 1823இல் வட்டுக்கோட்டை செமினரி என்ற உயர்கல்விக்கூடம். அந்த செமினரியில் படித்தவர்தான் கலித்தொகையை அச்சேற்றிய சி.வை. தாமோதரம் பிள்ளை. (முதல் கேள்வி கேட்ட வாசகி இதையும் அத்தையிடம் சொல்லலாம்: மிஷன் பள்ளியில் படித்த அவர் சைவராகத்தான் தமிழ் ஏடுகளைப் பதிப்பித்தார்.) ஆனால் அந்த மிஷனெரிகள் மொழியைக் கற்று, வருஷக்கணக்கில் தங்கினார்கள். ஒரு வாரப் பயணம் வேறு வகை. ஜெட் விமானமும் கோடை விடுமுறையும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது.

காசு விஷயத்தில் உங்கள் பக்கம் பலமான ஆதாரம் இருக்கிறது. 1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைப் புரட்டிப்போட்ட பிறகு, வட அமெரிக்கத் திருச்சபைக் குழுக்கள் போய் வீடு கட்டிக் கொடுத்தன. உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பும் கட்டியது. கால்வின் கல்லூரியைச் சேர்ந்த கர்ட் வெர் பீக் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பயணச் செலவையும் சேர்த்தால் குழுக்கள் கட்டிய வீடு ஒன்றுக்குச் சுமார் 30,000 டாலர், உள்ளூர் அமைப்பு கட்டியதற்குச் சுமார் 2,000. குடியிருந்தவர்கள் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. போய் வந்தவர்களில் பலர், இதற்கப்புறம் அதிகமாகக் காணிக்கை கொடுக்கிறோம் என்றார்கள், கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் அந்த அளவுக்கு ஏறவில்லை.

ஆனால் ஒன்று. டிக்கெட் காசை அனுப்பலாமே என்கிறீர்கள், பயணம் இல்லை என்றால் அந்தக் காசு வசூலே ஆகாது. எங்கள் பையன் மெக்சிகோ போகிறான் என்று கடிதம் போட்டால் சித்தப்பா காசோலை கிழிப்பார், மெக்சிகோவில் யாரோ ஒருவருக்குக் கூரை வேண்டும் என்றால் கிழிக்கமாட்டார். ஆகவே இதில் பாதிக்கு மேல், போகிற பிள்ளைக்கான செலவுதான். அதை அப்படியே சொல்லிவிட்டால் எனக்குக் குறையில்லை. படம் எடுப்பது மட்டும் எனக்கும் எரிச்சல். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வெளிநாட்டு மாணவர்கள் வந்து சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், வழக்கமாக அடிக்கிற கொத்தனார் வேப்பமரத்தடியில் பீடியோடு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். சட்டை இல்லாமல் நின்ற என்னை ஒரு அக்கா படம் பிடித்தார். எங்கோ ஒரு சபையின் அறிவிப்புப் பலகையில் நான் பசித்த குழந்தையாகத் தொங்கியிருப்பேன். அன்று காலை வயிறு முட்டப் பொங்கல் சாப்பிட்டிருந்தேன், வியர்வைக்குத்தான் சட்டையைக் கழற்றியிருந்தேன்.

கேள்வி: மகனின் பள்ளி கம்போடியாவில் ஒரு அனாதை இல்லத்துக்கு மூன்று நாள் போகிறது, குழந்தைகளோடு விளையாட. உங்கள் கருத்து?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: வேண்டாம் என்பேன். உலகம் முழுக்க இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கிற குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று ‘சேவ் தி சில்ட்ரன்’ 2009இலேயே எழுதியது. கம்போடியாவில் சுற்றுலா பெருகப் பெருக இல்லங்களும் பெருகின. வருகிறவர்கள் காசு கொடுப்பதால், காட்டுவதற்குக் குழந்தைகள் தேவைப்பட்டார்கள். மூன்று நாள் தூக்கிக் கொஞ்சிவிட்டு நாலாவது நாள் பஸ் ஏறிவிடுகிற அண்ணன்களை அந்தக் குழந்தைகள் வருஷத்தில் எத்தனை தடவை வழியனுப்புவார்கள்? பள்ளியிடம் வேறு வேலை கேளுங்கள். கிணறோ கழிப்பறையோ, அந்த ஊர்க்காரர் மேஸ்திரியாக நிற்க, உங்கள் பையன் சித்தாளாகச் செங்கல் சுமக்கட்டும்.

கேள்வி: எங்கள் சபைக்கு மே மாதம் வெளிநாட்டுப் பள்ளி மாணவர்கள் வந்து வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தலாமா? டூரிஸ்ட் விசாவில்தான் வருகிறார்கள்.
– ஒரு சபைச் செயலர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அந்த விசாவில் வந்து பிரசங்கமோ மதப்போதனையோ செய்ய முடியாது. மிஷனெரி விசா என்று தனி வகையே இருக்கிறது. மாட்டினால் நாடு கடத்தப்படுவது அந்தப் பிள்ளைகள், விசாரணைக்கு அலைவது நீங்கள். சுற்றிப் பார்க்க வரட்டும், மணப்பாடு கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள், வி.பி.எஸ்.ஸை உங்கள் ஊர் அக்காமார்களே நடத்தட்டும், இத்தனை வருஷமும் அவர்கள்தானே நடத்தினார்கள்.