கடலே இல்லாத ஊரா?

கேள்வி: ஓய்வுநாள் பள்ளியில் வகுப்பு எடுக்கிறேன். 'கடல் என்றால் தீமை, கப்பல் என்றால் சபை, நங்கூரம் என்றால் நம்பிக்கை' என்று ஒரு பட்டியல் போட்டுத் தந்தால் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வசதி. கலிலேயாக் கடல் வெறும் ஏரிதானாமே? கடலே இல்லாத செட்டிநாட்டில் இதையெல்லாம் சொல்லி என்ன விளங்கப்போகிறது?
(ஒரு வாசகர், தேவகோட்டை)

பதில்: பட்டியல் தரமாட்டேன். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் தீமை என்று பற்று வரவு எழுத வேதாகமம் பேரேடு இல்லை.

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், அதில்தான் எனக்குக் கோபம். கடலே இல்லாத ஊரா? தேவகோட்டையில் பஸ் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் தொண்டி. அது கிடக்கட்டும். உங்கள் தெருவில் பெரிய வீடு எதிலாவது தேக்குத் தூணைத் தட்டிப் பாருங்கள். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த மரம். நகரத்தார் தங்கள் பூர்வீகத்தைக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து சொல்வார்கள். கடல் கொண்டதால் இந்தச் செம்மண் காட்டுக்கு வந்தோம் என்பது வழிவழியாக வரும் கதை. கடலுக்குப் பயந்து வந்தவர்கள் அதே கடலில் ஏறி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் கொண்டுவிற்கப் போனார்கள். கடலைப் பற்றி நமக்குத் தெரியாதென்று யார் சொன்னது?

வேதாகமத்தை எழுதியவர்களும் ஏறக்குறைய இப்படித்தான். ஆடு மேய்த்தவர்கள், மலைச்சரிவில் திராட்சை போட்டவர்கள். சாலொமோன் எசியோன்கேபேரில் கப்பல் கட்டியபோது, கடல் பழகிய ஆட்களைத் தீருவின் ராஜா ஈராம்தான் அனுப்பிவைத்தான். பின்னால் யோசபாத் கட்டிய கப்பல்கள் அதே துறையில், கிளம்பும் முன்பே உடைந்துபோயின. அவர்களுக்குக் கடல் என்றால் முதலில் பயம்.

பக்கத்துக் கானானியர் அந்தப் பயத்தைத் தெய்வமாகவே ஆக்கிவிட்டார்கள். சிரியாவில் 1929-ல் தோண்டத் தொடங்கிய உகாரித்து நகரத்தின் களிமண் பலகைகளில், 'யாம்' என்ற கடல் தெய்வம் பாகால் என்ற இன்னொரு தெய்வத்தோடு சண்டை போடுகிறது. எபிரெயத்திலும் கடலுக்குப் பேர் யாம்தான். ஆனால் ஆதியாகமத்தில் அது தெய்வமும் இல்லை, எதிரியும் இல்லை. மூன்றாம் நாள் 'ஒதுங்கு' என்றதும் ஒதுங்குகிற தண்ணீர், அவ்வளவுதான்.

இனி யோபு 38-ஐ எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். அங்கே கடல், கர்ப்பத்திலிருந்து புரண்டு வருகிற பச்சைப்பிள்ளை. கடவுள் அதற்கு மேகத்தை உடுத்தி, இருளைச் சுற்றிவிடுகிறார். நம் வீடுகளில் பிறந்த பிள்ளையைப் பழைய சேலைத் துணியில் சுற்றுவோமே, அதே வேலை. அதன் பிறகுதான் கதவும் தாழ்ப்பாளும் போட்டு, 'இம்மட்டும் வா, மிஞ்சி வராதே' என்கிறார். தவழத் தொடங்கிய பிள்ளைக்கு நிலைப்படியைக் காட்டி அதட்டுகிற தாயின் குரல்தான் எனக்கு இதில் கேட்கிறது. 104-ஆம் சங்கீதத்தில் லிவியாதான் என்ற பெருமிருகம் கடலில் விளையாடுகிறது. 74-ஆம் சங்கீதத்தில் அதே மிருகத்தின் தலைகள் நொறுங்குகின்றன. 'கடல் என்றால் தீமை' என்று எழுதிக் கொடுத்துவிட்டால், இந்தப் பச்சைப்பிள்ளையை உங்கள் பட்டியலில் எங்கே வைப்பீர்கள்?

கலிலேயா ஏரிதான், ஒப்புக்கொள்கிறேன். நல்ல தண்ணீர். நீளம் சுமார் 21 கிலோமீட்டர், அகலம் 13-க்குள். எபிரெயர் ஏரிக்கும் யாம் என்பார்கள், ஆலய முற்றத்தில் வைத்த வெண்கலத் தொட்டிக்கும் யாம் என்பார்கள். லூக்கா மட்டும் கிரேக்கத்தில் 'ஏரி' என்றே எழுதுகிறார். இதில் நாம் சிரிக்க என்ன இருக்கிறது? தஞ்சாவூர் புன்னைநல்லூர்ப் பக்கம் ஓர் ஏரிக்குப் பேரே சமுத்திரம்.

ஏரி என்பதால் ஆபத்து குறைவென்றும் நினைக்க வேண்டாம். கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, மேடுகளுக்கு நடுவே கிடக்கிற பள்ளம் அது. மேலேயிருந்து குளிர்காற்று இறங்கினால் திடீரென்று கொந்தளிக்கும். அந்தக் கொந்தளிப்பில்தான் இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார். எழுப்பியதும் கடலைப் பார்த்து 'இரையாதே, அமைதலாயிரு' என்கிறார். படகில் இருந்தவர்களில் நான்கு பேராவது மீன்பிடிக்காரர்கள். புயல் அடங்கிய பிறகுதான் அவர்களுக்கு அதிகப் பயம் வருகிறது. 'மிஞ்சி வராதே' என்று கடலிடம் பேசக்கூடியவர் ஒருவர்தான் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். 'இவர் யாரோ' என்ற கேள்வி அங்கேயிருந்து வருகிறது. பிள்ளைகளுக்கு இந்த ஒரு காட்சியைச் சொன்னால் போதும்.

இடையில் ஒன்று. சில பிரசங்கிமார் இந்த இடத்தில் 'பிறவிப் பெருங்கடல்' குறளைச் சேர்த்துவிடுகிறார்கள். கேட்க நன்றாயிருக்கும், ஆனால் கடல் வேறு. குறளில் மனிதன் நீந்துகிறான். மாற்கு எழுதிய படகில் யாரும் நீந்தவில்லை.

நீங்கள் கேட்காமல் விட்ட வரி ஒன்று உண்டு. வெளிப்படுத்தின விசேஷம் 21: புதிய வானம், புதிய பூமி, கூடவே 'சமுத்திரமும் இல்லாமற்போயிற்று'. மிருகம் ஏறி வந்த கடல் ஒழிந்தது என்று உரைகாரர்கள் சொல்வார்கள். 13-ஆம் அதிகாரம் அவர்களுக்குத் துணை. நான் இன்னொன்றும் பார்க்கிறேன். எழுதியவர் யோவான், பத்மு தீவில் இருக்கிறார். அவர் கடிதம் எழுதும் ஏழு சபைகளும் கடலுக்கு அந்தப் பக்கம்.

எங்கள் ஐயா மூன்று வருஷக் கணக்குக்குப் பர்மாவில் மோல்மேன் போனவர். 1942-ல் ஜப்பான்காரன் வந்த பிறகு கடிதம் நின்றது. காடு மலை கடந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களை எல்லாம் அப்பத்தா தேடிப்போய் விசாரித்தார். ஐயா வரவில்லை. பல வருஷம் கழித்து எங்களை ராமேஸ்வரம் கூட்டிப்போனார். நாங்கள் எல்லாரும் கடலில் முங்கினோம். அப்பத்தா ஒரு செம்பில் மொண்டு தலையில் தெளித்துக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வேதாகமம் தெரியாது. யோவானின் அந்த வரிக்கு அவரிடம் உரை சொல்ல வேண்டியிருக்காது.

தொண்டி மீனவரிடம் அதே வரியை வாசித்தால் முகம் சுளிப்பார், அதுவும் நியாயம்தான். அவருக்குக் கடல் சோறு.

நங்கூரம் எபிரெயர் நிருபம் 6:19-ல் இருக்கிறது, கப்பலுக்கு நோவாவின் பேழையிலிருந்து ஆரம்பியுங்கள். பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை தொண்டிக்குக் கூட்டிப்போங்கள். பரீட்சை முடியட்டும்.