ஜப்பானில் மங்காவும் அனிமேயும்: கேள்வி பதில்

சைதாமா மாகாணத்தில் 18 ஆண்டுகளாக வசிக்கிறேன். மொழிபெயர்ப்பு வேலை. மங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்), அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறைய பேர் எழுதிவிட்டீர்கள், நன்றி. எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன். விசா, கல்விக் கட்டணம் பற்றிய கேள்விகளைத் தூதரகத்திடம் கேளுங்கள்.

அக்கா, ஜப்பானில் வயதானவர்கள்கூட ரயிலில் காமிக்ஸ் படிப்பார்களாமே, நிஜமா? (சேலம், கல்லூரி மாணவர்)

நிஜம்தான் தம்பி. இப்போது புத்தகத்துக்குப் பதில் கையில் போன் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைப் புரிந்துகொள்ள மங்கா வார இதழ்களிலிருந்து தொடங்க வேண்டும். 1959 மார்ச் 17 அன்று ஒரே நாளில் இரண்டு சிறுவர் வார இதழ்கள் வந்தன: ஷோனென் மேகசின், ஷோனென் சண்டே. 1968இல் ஷோனென் ஜம்ப் வந்தது. டெலிபோன் டைரக்டரி மாதிரி தடிமன், மட்டமான மறுசுழற்சித் தாள், ஒரு சாப்பாட்டு விலைகூட வராது. படித்து முடித்ததும் ரயில் பெட்டியின் மேல்தட்டில் வைத்துவிட்டு இறங்குவார்கள், அடுத்து வருகிறவர் எடுத்துப் படிப்பார். முடிவெட்டும் கடை, ராமென் கடை, பல் டாக்டர் வீட்டு வரவேற்பறை என்று எங்கு காத்திருந்தாலும் ஓரத்தில் ஒரு அடுக்கு இருக்கும். 1994 கடைசியில் ஜம்ப் ஒரே இதழ் 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதிகள் அச்சானது. அப்போது நாட்டின் மக்கள்தொகையே 12.5 கோடிதான். ஒரு பிரதியைப் பலர் படித்தார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சிறுவர் இதழ் படித்த பையன் வளர்ந்தபோது அவனோடு இதழும் வளர்ந்தது, அதுதான் முக்கியம். பையன்களுக்கு, பெண் பிள்ளைகளுக்கு, வளர்ந்த ஆண்களுக்கு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு என்று தனித்தனி இதழ்கள் வந்தன. 'ஷிமா கோசாகு' என்று ஒரு தொடர். 1983இல் அவர் ஒரு மின்சாதன நிறுவனத்தில் சாதாரணப் பிரிவுத் தலைவர். பதவி உயர்வு பெற்றுப் பெற்று 2008இல் அதே நிறுவனத்தின் தலைவரானார். அவரோடு அலுவலகத்தில் சேர்ந்த வாசகர் அவரோடு சேர்ந்தே தலை நரைத்தார். அவரிடம் போய் “பெரியவர் நீங்கள் காமிக்ஸ் படிக்கலாமா” என்று கேட்டால் கேள்வியே புரியாது.

இன்றைக்கு ஜம்ப் அச்சில் அந்த உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் மங்கா சுருங்கிவிடவில்லை. 2024இல் அச்சும் மின்நூலும் சேர்ந்து 70,000 கோடி யென்னைத் தாண்டிவிட்டது, அதில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் மின்நூல்.

எந்த ஆப்பில் ஃப்ரீயாகப் படிக்கலாம்?

மங்கா பிளஸ். ஜம்ப் பதிப்பகமே நடத்துவது. தொடர்களின் முதல் அத்தியாயங்களும் கடைசி அத்தியாயங்களும் ஆங்கிலத்தில் இலவசம். திருட்டுத் தளங்களின் பெயர் என்னிடம் கேட்காதீர்கள்.

என் ஆறு வயது மகன் ஷின்சான் பார்த்துவிட்டு எல்லாரையும் எதிர்த்துப் பேசுகிறான். ஜப்பானில் பிள்ளைகளை எப்படி இதைப் பார்க்க விடுகிறார்கள்? (திருச்சி, ஒரு அம்மா)

விட மாட்டோம் என்று சொன்ன பெற்றோர் இங்கேயும் நிறைய, அம்மா. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆய்வுகளில் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பாத நிகழ்ச்சிகளில் ஷின்சான் பெயர் பல வருடம் முன்வரிசையில் வந்தது. காரணம் எளிது: 1990இல் அது தொடங்கியதே வளர்ந்தவர்களுக்கான வார இதழில். பெற்றோர் தங்கள் வீட்டு வாண்டை நினைத்துச் சிரிக்க எழுதியது. 1992இல் தொலைக்காட்சிக்கு வந்ததும் வாண்டுகளே பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கார்ட்டூன் என்பதால் குழந்தைகளுக்கானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த இதழில் வந்தது என்று முதலில் பாருங்கள். உங்கள் மகனைத் திட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். ஷின்சானின் அம்மா படும் பாடு உங்களுக்குப் பிடிக்கும்.

ஜப்பானில் எல்லாரும் நருட்டோ, ஒன் பீஸ்தான் பார்ப்பார்களா? (யாழ்ப்பாணம்)

இல்லை. எல்லா வீட்டுக்கும் தெரிந்த பெயர் என்றால் நான் சசாயே-சானைத்தான் சொல்வேன். வெளிநாட்டில் யாருக்கும் தெரியாது, இங்கே தெரியாதவர் கிடையாது.

ஹசெகாவா மச்சிகோ என்ற பெண் ஓவியர் 1946இல் ஃபுகுவோகாவின் ஒரு செய்தித்தாளில் நான்கு கட்டத் தொடராக இதைத் தொடங்கினார். போர் முடிந்து அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். பெற்றோர், கணவர், குழந்தை, தம்பி, தங்கை எல்லாரோடும் ஒரே கூரையின்கீழ் வாழும், புகுந்த வீட்டுக்கு மருமகளாகப் போகாத சசாயே என்ற மகளின் கதை. ஆமாம், கணவர்தான் இவர்கள் வீட்டில் வந்து இருக்கிறார். குடும்பத்தில் எல்லாருக்கும் கடல் சம்பந்தமான பெயர்: சசாயே ஒரு சங்கு வகை, தம்பி கட்சுவோ சூரை மீன், தங்கை வகாமே கடற்பாசி, அம்மா ஃபுனே படகு. 1969 அக்டோபரில் தொலைக்காட்சிக்கு வந்து இன்றும் ஞாயிறு மாலை 6.30க்கு ஓடுகிறது. உலகிலேயே நீண்ட நாள் ஓடும் அனிமேஷன் தொடர் என்று கின்னஸ் பதிவு இருக்கிறது. யாருக்கும் வயது ஏறுவதில்லை. பெரிதாக எதுவும் நடப்பதும் இல்லை. தர்பூசணி வாங்குவார்கள், மழைக்குக் குடை எடுக்க மறப்பார்கள்.

முடிவில் சசாயே திரையிலிருந்து கல், காகிதம், கத்தரி விளையாடுவாள். நான் வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டி தொலைக்காட்சி முன்னால் கையை நீட்டி அவளோடு விளையாடியதைப் பார்த்தேன். தோற்றால் நிஜமாகவே வருத்தப்படுவார். அந்த இசை கேட்டதும் “ஐயோ, நாளைக்குத் திங்கட்கிழமை” என்று மனம் கனப்பதற்கு இங்கே 'சசாயே-சான் நோய்' என்றே பெயர். ஜப்பானின் அன்றாடத்தில் அனிமே எங்கே இருக்கிறது என்று கேட்டால் எனக்கு வாள் சண்டைகளைவிட இந்த ஞாயிறு மாலைதான் முதலில் நினைவுக்கு வரும்.

மங்கா 800 வருடப் பழமையான கலை, 12ஆம் நூற்றாண்டு ஓவியச் சுருளிலேயே இருக்கிறது என்று படித்தேன். அதைப் பற்றி எழுதுங்கள். (சென்னை)

கியோட்டோவின் கோசான்-ஜி கோயில் சுருளைச் சொல்கிறீர்கள். முயலும் தவளையும் மல்யுத்தம் செய்யும். அழகான ஓவியம். ஆனால் அதிலிருந்து இன்றைய மங்கா நேராக வந்தது என்பதை நான் ஏற்கவில்லை. துறவிகளும் பிரபுக்களும் பார்த்த சுருளுக்கும் பள்ளிப் பையன் வாரம் ஒன்று வாங்கிய இதழுக்கும் நடுவே பாலம் எங்கே?

பாலம் இருக்கிறதே! ஓவியர் ஹொகுசாய் 1814இலேயே 'மங்கா' என்று புத்தகம் போட்டிருக்கிறாரே. (அதே சென்னை நண்பர்)

போட்டார். அந்தச் சொல்லுக்கு அப்போது மனம்போன போக்கில் வரைந்தவை என்று பொருள். அது ஓவியம் பழகுவோருக்கான மாதிரிப் புத்தகம். மனிதர்கள், மீன்கள், பாலங்கள் எல்லாம் உண்டு, கதை கிடையாது. பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது.

அப்படியானால் டெசுகா டிஸ்னியைப் பார்த்துக் காப்பியடித்ததுதான் மங்கா என்கிறீர்களா? (கோவை)

நான் அப்படிச் சொல்லவே இல்லை. மங்கா ஓவியர் டெசுகா ஒசாமுவுக்கு டிஸ்னி மேல் உயிர், பாம்பியை மங்காவாகவே வரைந்திருக்கிறார். பெரிய கண்களும் திரைப்படக் கோணங்களும் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் ஒரு நாடே படிக்கும் பழக்கம் ஒருவரின் தூரிகையிலிருந்து வந்துவிடாது.

நான் சொல்ல வருவது இதுதான். போருக்குப் பின் பிள்ளைகள் கையில் காசில்லை. மிட்டாய்க் கடைகளில் சிவப்பு அட்டை போட்ட மலிவுக் கதைப் புத்தகங்கள் வந்தன. 1947இல் டெசுகாவுக்குப் பெயர் வாங்கித் தந்த 'புதிய புதையல் தீவு' ஒசாகாவில் அப்படித்தான் வந்தது. வாங்க முடியாதவர்களுக்கு வாடகைப் புத்தகக் கடைகள் இருந்தன. தெருவில் சைக்கிளில் வந்து மிட்டாய் விற்றுவிட்டுப் பட அட்டைகளைக் காட்டிக் கதை சொல்லும் கமிஷிபாய்க்காரர் இருந்தார்.

மிசுகி ஷிகெருவை எடுத்துக்கொள்ளுங்கள். போரில் ரபாவுலில் இடது கையை இழந்து திரும்பியவர். முதலில் கமிஷிபாய் அட்டைகளுக்கு வரைந்தார். தொலைக்காட்சி வந்து அது நொடித்ததும் வாடகைக் கடைப் புத்தகங்களுக்கு வரைந்தார். அதுவும் நொடித்தபோது வார இதழுக்கு வந்தார். அவருடைய பேய்ப் பையன் கிதாரோ 1968இல் அனிமே ஆனான். ஒரே கையால் வரைந்த ஒரு மனிதரின் வாழ்க்கையிலேயே முழுப் பாதையும் இருக்கிறது. அவர் வளர்ந்த சகாய்மினாதோ ஊரில் இன்று தெரு நீளத்துக்கு அந்தப் பேய்களின் வெண்கலச் சிலைகள். என்னைக் கேட்டால் மங்காவின் வேர் கோயில் சுருளில் இல்லை, அந்தத் தெருவில் இருக்கிறது.

இருந்தாலும் கோட்டோவியப் பாரம்பரியம் இல்லாமல்... (சென்னை)

அது பயன்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வலமிருந்து இடமாகக் கண் ஓடும் பழக்கமும் தூரிகைக் கோடும் பழையவைதான். அதற்கு மேல் இன்று வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

அக்கா, ஃப்ரீயா பார்க்க லிங்க் இருக்கா?

மேலே சொல்லியிருக்கிறேன்.

அங்கே பள்ளி நூலகத்தில் மங்கா வைப்பார்களா? நான் ஆசிரியர். (விருதுநகர்)

வைப்பார்கள். ஜப்பான் வரலாறு முழுவதும் பல தொகுதி மங்காவாகப் பெரிய பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன, அநேகமாக எல்லாத் தொடக்கப் பள்ளியிலும் கிழிந்துபோகும் அளவுக்குப் படிக்கப்படுகின்றன. ஆனால் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது 'வெறுங்கால் கென்'. ஹிரோஷிமாவில் ஆறு வயதில் அணுகுண்டில் தப்பிய நகாசாவா கெய்ஜி, அதில் அப்பாவையும் அக்காவையும் தம்பியையும் இழந்தவர், 1973இல் ஜம்ப் சிறுவர் இதழிலேயே தொடங்கிய தொடர். பல தலைமுறைப் பிள்ளைகள் போர் என்றால் என்ன என்று பள்ளி நூலகத்தில் இதைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டார்கள். 2012 கடைசியில் மட்சுயே நகரில் கொடூரக் காட்சிகள் இருப்பதாகச் சொல்லிப் பள்ளிகள் இதை அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு வந்தது, 2013 ஆகஸ்டில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2023இல் ஹிரோஷிமா நகரம் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து இதை நீக்கியது. எனக்கு அது இன்னும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. படிக்கும்போது பயம் வரும், வரத்தான் வேண்டும். உங்கள் மாணவர்களில் பெரியவர்களுக்குக் கொடுங்கள், நீங்கள் முதலில் படித்துவிட்டு.

பத்து நாள் ஜப்பான் வருகிறோம். அனிமே இடங்கள் சொல்லுங்கள்.

கியோட்டோ மங்கா அருங்காட்சியகம். பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடம், ஐம்பதாயிரம் புத்தகங்கள் கைக்கெட்டும் அலமாரியில். எடுத்துப் புல்வெளியில் படுத்துப் படிக்கலாம். மிதாகாவில் கிப்லி அனிமே ஸ்டுடியோவின் அருங்காட்சியகத்துக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள், வாசலில் டிக்கெட் கிடையாது. காமகுராவில் ஸ்லாம் டங்க் அனிமேயில் வரும் ரயில் கடவையைப் பார்க்கப் போனால் தண்டவாளத்திலும் சாலை நடுவிலும் நின்று படம் எடுக்காதீர்கள். அது மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போகும் வழி.

அனிமேட்டர் ஆக ஜப்பான் வரலாமா அக்கா? நன்றாக வரைவேன். (மதுரை)

வா என்று உடனே சொல்ல மனம் வரவில்லை, தம்பி. 1963இல் டெசுகா தன் அணு ரோபோ பையனைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தபோது வாரம் ஒரு பகுதி என்று செலவுக்கும் குறைந்த விலைக்கு விற்றார், பொம்மை, மிட்டாய் உரிமைகளில் ஈடுகட்டினார். மலிவு விலை அப்படியே பழகிப்போனது என்று இங்கே பலர் சொல்வார்கள். புதிதாகச் சேர்கிறவர் வரையும் இடைநிலைப் படங்களுக்கு (இரண்டு முக்கிய அசைவுகளுக்கு நடுவே வருபவை) இன்றும் பல இடங்களில் தாள் கணக்கில்தான் கூலி, ஒன்றுக்குச் சில நூறு யென். டோக்கியோ வாடகைக்கு அது காணாது. முதலில் ஜப்பானிய மொழி படி. ஊரிலேயே ஒரு ஸ்டுடியோவில் வேலை பழகு. அப்புறம் கேள், விரிவாகப் பேசுவோம்.

ஃப்ரீ ஆப் பெயர் சொல்லவே இல்லையே?

மங்கா பிளஸ். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

தமிழில் மங்கா மொழிபெயர்த்தால் நன்றாக இருக்குமா? அந்த 'டும் டமால்' சத்தங்களை எல்லாம் என்ன செய்வீர்கள்? (புதுச்சேரி)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பெயரிலிருந்தே தொடங்கலாம். 'மங்கா' என்று தமிழில் எழுதி வாசித்தால் ஜப்பானியர் சொல்வதற்கு மிக நெருக்கமாக வருகிறது, 'ங்' என்ற ஒலி நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால்.

மங்காவில் பாதிக் கதை ஒலிச் சொற்களில் நடக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் அவற்றோடு திண்டாடுவார்கள். நமக்கு இரட்டைக்கிளவி இருக்கிறது. கிராகிரா என்றால் மினுமினு. பிகாபிகா என்றால் பளபள. பிகாச்சுவின் 'பிகா' இந்த மின்னல்தான், 'ச்சு' எலியின் கீச்சு. நெஞ்சு தொகிதொகி என்றால் நமக்குத் திக்திக். மழை ஸாஆஸாஆ என்று பெய்தால் சோவென்று பெய்கிறது. வயிறு பெகொபெகொ என்றால் கபகப. பெதாபெதா என்றால் பிசுபிசு. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுத வேண்டிய இடத்தில் தமிழில் ஒரு சொல் உட்கார்ந்துவிடுகிறது. (இதை வைத்துத் தமிழும் ஜப்பானியமும் ஒரே மூலமொழியிலிருந்து வந்தவையா என்று கேட்டு நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். பேராசிரியர் ஓனோ சுசுமு அப்படி வாதிட்டார், பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அதற்குள் இன்று போகவில்லை.)

ஒன்றே ஒன்றில்தான் நான் மாட்டிக்கொண்டேன். யாரும் பேசாமல் இருக்கும் காட்சியில் பின்னணியில் பெரிதாக 'ஷீஇன்' என்று எழுதுவார்கள். அமைதியின் சத்தம். 'நிசப்தம்' என்று போட்டால் அது பெயர், சத்தம் அல்ல. 'ஙொய்' போட்டுப் பார்த்தேன், காதுக்குள் பூச்சி பறப்பதுபோல் ஆகிவிட்டது. உங்கள் ஊரில், உங்கள் பாட்டி பேச்சில், ஆளில்லா வீட்டின் அமைதிக்கு ஏதாவது ஒலிச் சொல் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.