காய்ச்சல் வந்தால் எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

எழுபது வயதைக் கடந்த தாயாரும் நான்கு வயதுக் குழந்தையும் உள்ள வீட்டில் யாருக்காவது திடீரென்று காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டுமா, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல. ஆனால் இதே கேள்விக்குத் தவறான விடையை நம்பியதால் என் அம்மா ஒன்பது நாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. அதன் பிறகு மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், எங்கள் வீட்டில் இப்போது கடைப்பிடிப்பதையும் எழுதுகிறேன்.

முதலில் நேரடியான விடை. நல்ல உடல்நிலையோடு இருக்கும் நடுவயதுக்காரருக்குக் காய்ச்சல் வந்தால், மூச்சு வாங்காமலும் தண்ணீர், கஞ்சி உள்ளே இறங்கிக்கொண்டும் இருக்கும்வரை, இரண்டு நாள் வீட்டில் ஓய்வெடுத்துக் கவனிக்கலாம். உங்கள் தாயாருக்கு வந்தால் பொறுக்க வேண்டாம். அன்றைக்கே, இரவில் தொடங்கினால் மறுநாள் காலையிலேயே, மருத்துவர் பார்த்தாக வேண்டும். நான்கு வயதுக் குழந்தை காய்ச்சல் தணிந்திருக்கும் நேரத்தில் எழுந்து விளையாடுகிறது, குடிக்கிறது என்றால் ஒரு நாள் பார்க்கலாம். காய்ச்சல் தணிந்த பிறகும் துவண்டு கிடந்தால் காத்திருக்கக் கூடாது. மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கு மேல் சுட்டாலே எந்த நேரமானாலும் கிளம்பிவிட வேண்டும்.

இந்த வேறுபாடு என் சொந்தக் கருத்து அல்ல. 2009-இல் பன்றிக்காய்ச்சல் எனப்பட்ட எச்1என்1 காய்ச்சல் பரவியபோது மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்தது. லேசான காய்ச்சல், இருமல், தொண்டைவலி மட்டும் உள்ளவர்கள் ஏ பிரிவு. அவர்களுக்குப் பரிசோதனையும் வேண்டாம், வைரஸ் மருந்தும் வேண்டாம், ஆனால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். அதே லேசான காய்ச்சல் 65 வயதைக் கடந்தவருக்கோ, கர்ப்பிணிக்கோ, சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரகம் தொடர்பான நோய் உள்ளவருக்கோ வந்தால் அவர் பி பிரிவுக்குப் போய்விடுவார். அவருக்கு மருந்து தொடங்க வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலம் பூத்தல் இருந்தால் சி பிரிவு, உடனே மருத்துவமனை. காய்ச்சல் எவ்வளவு அடிக்கிறது என்பதைவிட யாருக்கு அடிக்கிறது என்பதே முதல் கேள்வி என்பதை நான் இதிலிருந்துதான் புரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாத மழையில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது அவருக்கு வயது 62. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை. மதியம் வரை கொல்லையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்குள் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். சாதாரண சளி மெல்ல மெல்லத் தொண்டையில் தொடங்கி மூக்குக்கு வரும். ஃப்ளூ எனப்படும் இன்ஃப்ளுயன்ஸா பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் ஆளைச் சாய்த்துவிடும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. "மழையில நனைஞ்சதுதான், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று அம்மாவே சொன்னார். நானும் கடைத்தெருவுக்குப் போய், ஒரு மருந்துக்கடையில் காய்ச்சல், உடம்புவலி, சளி என்று மூன்றையும் சொல்லி ஒரு செட் மாத்திரை வாங்கி வந்தேன்.

அந்தப் பொட்டலம் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. பழுப்புக் காகித உறைக்குள் ஆறு வேளைக்கான மாத்திரைகள், அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டவை. வெட்டிய துண்டுகளில் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. அவை அட்டையின் மறுபாதியோடு கடையிலேயே தங்கிவிட்டன. ஒரு பெரிய வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள், ஒரு கேப்சூல், கூடவே மிகச் சிறிய வெள்ளை மாத்திரை ஒன்று. முதல் வேளை போட்டதுமே அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் சமையலறைக்கே வந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் நிம்மதியடைந்தோம். மூன்றாம் நாள் இரவு, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் இடையில் நிறுத்தி மூச்சு வாங்கினார். பக்கத்து வீட்டில் கொரோனா காலத்தில் வாங்கி வைத்திருந்த, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரைக் கொண்டு வந்து விரலில் மாட்டினோம், 89 காட்டியது. 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம்.

அங்கே பணியில் இருந்த இளம் மருத்துவர் ஆக்சிஜனை வைத்துக்கொண்டே இரண்டு கேள்விகள் கேட்டார். "காய்ச்சல் எந்த நேரத்துல ஆரம்பிச்சதுங்க?" என்பது ஒன்று. "என்ன மாத்திரை குடுத்தீங்க?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நான் திங்கள் என்றேன், அண்ணி செவ்வாய் என்றார். இரண்டாவதற்கு அந்தக் காகித உறையை நீட்டினேன். அவர் மீதமிருந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தச் சின்ன மாத்திரை ஸ்டீராய்டாக இருக்கக்கூடும் என்றார். அது காய்ச்சலையும் வலியையும் அமுக்கி ஆள் தேறிவிட்டதுபோல் காட்டும், உள்ளே கிருமி பெருகுவதைத் தடுக்காது, சர்க்கரையைக் கிடுகிடுவென்று ஏற்றிவிடும். அம்மாவின் சர்க்கரை அப்போது நானூறைத் தாண்டியிருந்தது. பரிசோதனையில் வந்தது ஃப்ளூதான், அதோடு நிமோனியாவும் சேர்ந்திருந்தது.

முதல் கேள்வி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இன்ஃப்ளுயன்ஸா வைரஸ் உடலில் மிக வேகமாகப் பெருகுவது முதல் இரண்டு மூன்று நாட்களில். ஓசெல்டமிவிர் என்னும் மருந்து அந்தப் பெருக்கத்தைத்தான் தடுக்கிறது. ஆகவே அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதன் பயன் அதிகம். நோய் முற்றியவர்களுக்கு அதற்குப் பிறகும் கொடுப்பார்கள், அம்மாவுக்கும் கொடுத்தார்கள். ஆனால் அந்த முதல் இரண்டு நாட்களை நாங்கள் காகித உறைக்குக் கொடுத்துவிட்டோம். உங்கள் கேள்வியில் உள்ள "இரண்டு நாள்" என்ற சொல்லைப் பார்த்ததும் நான் எழுத உட்கார்ந்ததற்கு இதுவே காரணம். வயதானவர் விஷயத்தில் நாம் பொறுத்துப் பார்க்கும் அந்த இரண்டு நாளும், மருந்து நன்றாக வேலை செய்யும் இரண்டு நாளும் ஒன்றேதான்.

கடைக்காரர்மேல் மட்டும் பழியைப் போட மாட்டேன். சீட்டு இல்லாமல் கேட்டது நான். மருந்துக்கடையில் நாமாக வாங்கத்தக்கது என்று நான் இப்போது நினைப்பது பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டைத்தான். பாராசிட்டமாலிலும் கவனம் வேண்டும். பெரியவர்களுக்கு 650 மி.கி. மாத்திரையை ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்குக்கு மேற்படாமல் கொடுக்கலாம். கல்லீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். சளி மாத்திரைகள் பலவற்றுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது என்பதால், இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு கூடிவிடும். குழந்தைக்கு எடைக்கு ஏற்ற அளவு, கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை. மருந்துக்கடையில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மி.கி. உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 மி.கி. உள்ளதும் இருக்கிறது, போன முறை கொடுத்த அதே மூடி அளவைப் புதுப் புட்டியிலிருந்து ஊற்றினால் இரு மடங்கு மருந்து போய்விடலாம். புட்டியில் உள்ள எண்ணைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒரு லிட்டருக்கானது என்றால் முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் நீரில்தான் கலக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று தூவிக் கொடுப்பது சரியல்ல.

ஆன்டிபயாட்டிக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச்சில் எச்3என்2 ஃப்ளூ பரவியபோது, அசித்ரோமைசினையும் அமாக்சிக்ளாவையும் மக்கள் தாமாக வாங்கி விழுங்குவதை நிறுத்த வேண்டும் என்று இந்திய மருத்துவச் சங்கமே அறிவிப்பு வெளியிட்டது. காய்ச்சல் மூன்று நாளில் இறங்கிவிடும், இருமல் மூன்று வாரம் வரை நீடிக்கலாம் என்றும் அதில் இருந்தது. இருமல் நிற்கவில்லையே என்று மாத்திரையை மாற்றிக்கொண்டே போகும் வீடுகளுக்கு அது தேவையான செய்தி.

நம் ஊரில் பொறுத்துப் பார்ப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வருவது ஃப்ளூ மட்டும் அல்ல. அதே மழையில் டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் எல்லாம் வருகின்றன, முதல் நாளில் எல்லாமே ஒன்றுபோலத் தோன்றும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். உடம்பு குளிர்ந்துவிட்டது என்று வீட்டில் மகிழும்போது கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. டெங்குவா இல்லையா என்று தெரியாத நிலையில் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தொடாமல் இருப்பதும் இதற்காகத்தான்; அவை ரத்தக்கசிவைக் கூட்டும். உண்ணிக்காய்ச்சலில் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருத்த பொருக்கு இருக்கலாம். வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது. டாக்சிசைக்ளின் என்னும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் விரைவில் தணியும் அந்த நோய், கண்டுபிடிக்கத் தாமதமானால் உயிருக்கே உலை வைத்துவிடும். குளிப்பாட்டும்போது இந்த இடங்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எங்கே போவது என்பது நோய் வருவதற்கு முன்பே வீட்டில் முடிவாகியிருக்க வேண்டும். பெரிய தனியார் மருத்துவமனையின் செலவை நினைத்துத் தயங்கியே பலர் நாளைக் கடத்துகிறார்கள். முதல் நாள் காய்ச்சலுக்குப் பெரிய மருத்துவமனை தேவையே இல்லை. கிராமத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. நகரமானால் 2023 முதல் திறக்கப்பட்டு வரும் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் இயங்குகின்றன, வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த மாலை நேரம் பெரிய உதவி. மருத்துவரும் மருந்தும் இரண்டு இடங்களிலும் இலவசம். நள்ளிரவில் போகலாமா வேண்டாமா என்ற குழப்பம் வந்தால் 104 என்னும் மருத்துவ ஆலோசனை எண்ணை அழைத்துக் கேட்கலாம். மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவு தடுமாறுதல், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமை ஆகியவற்றுக்குக் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைத்துவிட வேண்டும். வீட்டில் மூத்தவர் இருப்பதால், ஆண்டுதோறும் போட வேண்டிய ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றியும் அவருடைய மருத்துவரிடம் மழைக்காலத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அம்மாவுக்கு நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் போடுகிறோம்.

எங்கள் வீட்டில் இப்போது காய்ச்சல் என்று தெரிந்தவுடன் செய்கிற முதல் காரியம், தினசரி நாட்காட்டியிலிருந்து அன்றைய தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் நேரத்தைக் குறிப்பது. கிழிக்கிற தாளிலேயே தேதி இருப்பதால் திங்களா செவ்வாயா என்ற தகராறு வராது. எத்தனை மணிக்குத் தொடங்கியது, தெர்மாமீட்டரில் எவ்வளவு, என்ன மருந்து எத்தனை மணிக்கு, எத்தனை முறை சிறுநீர் போனது என்று அதன் கீழே எழுதிக்கொண்டே வருவோம். மாத்திரை வாங்கினால் பெயர் உள்ள பக்கத்தோடு முழு அட்டையாகத்தான் வாங்குவோம்.

போன ஆண்டு அண்ணன் மகனுக்கு, அவனுக்கு ஐந்து வயது, பள்ளியிலிருந்து வந்ததும் 102 டிகிரி அடித்தது. இரவு முழுதும் கவனித்து, காலை எட்டரைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அந்தத் தாளோடு போனார் அண்ணி. மருத்துவர் தாளை முதலில் வாங்கிப் படித்தார். பிறகு பையனின் சட்டையைத் தூக்கி மூச்சு விடும்போது விலா ஓரம் உள்வாங்குகிறதா என்று பார்த்தார், அக்குளைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். ஊசி போடவில்லை, ஆன்டிபயாட்டிக் எழுதவில்லை. பாராசிட்டமால் அளவை மட்டும் எழுதிவிட்டு, நாட்காட்டித் தாளின் அடியில் மூச்சு, மூத்திரம், சோர்வு என்று மூன்று சொற்களை எழுதி, "இதுல எது மாறினாலும் அப்பவே வந்துடுங்க, மாறலைன்னாலும் நாளன்னைக்குக் காலையில ஒருதரம் காட்டிட்டுப் போங்க" என்றார்.