ஊட்டச்சத்துப் படிப்புக்கு ஆஸ்பத்திரி டயட்டீஷியன் தவிர வேறு வேலை உண்டா?

கேள்வி: எம்.எஸ்சி. உணவும் ஊட்டச்சத்தும் முடித்திருக்கிறேன். மருத்துவமனை வேலையில் விருப்பமில்லை. ஊர் ஊராகப் போய்க் குடும்பங்களுக்கு ஊட்டச்சத்து சொல்லித்தரும் வேலைக்குப் போகலாமா? எதிர்காலம், சம்பளம் எப்படி? வீட்டில் "இவ்வளவு படிச்சிட்டு ஆயா வேலைக்கா போகப்போற?" என்கிறார்கள்.

பதில்:

ஆயா வேலை என்று சொன்னவர்கள், ஓர் அங்கன்வாடியில் ஆயா ஒரு நாள் பார்க்கிற வேலையைப் பார்த்திருக்க மாட்டார்கள். அது கிடக்கட்டும். வேலை இருக்கிறதா என்றால் இருக்கிறது. சம்பளம் சுமார். நிரந்தரம் என்பது கொஞ்சம் பேருக்குத்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், பின்னால் என்னைத் திட்டக்கூடாது.

நான் மதுரையில் மனையியல் படித்தவள். (வேளாண் பல்கலைக்கழகப் பக்கம் இப்போது அதைச் 'சமுதாய அறிவியல்' என்கிறார்கள். பெயரை மாற்றியும் "சமையல் படிப்பா?" என்று கேட்பது நிற்கவில்லை.) ஒன்றரை வருடம் ஒரு தனியார் மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருந்தேன். சர்க்கரைக்கு ஒரு தாள், கிட்னிக்கு ஒரு தாள், பிரஷருக்கு ஒரு தாள். டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். அந்தத் தாள் வீட்டுக்குப் போய் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு, பாதிச் சம்பளத்துக்குப் போனேன்.

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர்ப் பக்கம். மில் வேன்கள் விடியுமுன்னே வந்து பெண்களை ஏற்றிப்போகிற ஊர்கள். அங்கே 14 மாதப் பெண் குழந்தை ஒன்று, மூன்று மாதமாக 7 கிலோ 100-ஐத் தாண்டவில்லை. வளர்ச்சி அட்டையில் கோடு நேராகப் படுத்துக் கிடந்தது. அங்கன்வாடியில் சத்துமாவு தவறாமல் போகிறது. அம்மாவுக்கு 22 வயது. எடை போடும் நாளில் இரண்டு முறை அந்தப் பெண்ணைப் பிடித்து வைத்துப் பேசினேன். பேசினேன் என்ன, ஏசினேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மூன்றாம் மாதம் குழந்தையைத் தூக்கிவந்தது பாட்டி. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது: மில்லுக்குப் போகிறவள் எப்படிப் பகலில் சோறூட்டுவாள்? நான் இத்தனை நாளும் தப்பான ஆளிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு வீட்டுக்கே போனேன். அப்பத்தா அடுப்பில் சத்துமாவு கரைத்துக்கொண்டிருந்தார். ஒரு சொம்புத் தண்ணீருக்கு ஒரே ஒரு கரண்டி மாவு. கொதித்ததும் அதையும் வேட்டித் துணியில் வடிகட்டி, பால் புட்டியில் ஊற்றினார். துணியில் தங்கியது கோழிக்குப் போனது. மிச்சப் பாக்கெட் என்ன ஆகும் என்று கேட்டேன். கொழுக்கட்டை பிடித்து எல்லாரும் சாப்பிடுவோம் என்றார். "வீட்ல நாலு உருப்படி இருக்கையில இதுக்கு மட்டும் எப்படித் தாயி குடுக்குறது?"

என் பையில் கேரட், ஆப்பிள், பால் தம்ளர் எல்லாம் வரைந்த ஃபிளிப் சார்ட் இருந்தது. நல்லவேளையாக அதை வெளியே எடுக்கவில்லை.

"அப்பத்தா, உங்க மகனுக்கு இந்த வயசுல என்ன குடுத்தீங்க?"

"கேப்பைக் களிதான். கெட்டியா, வெரல்ல வழிச்சு நாக்குல அப்புவோம். முழுங்கிரும்."

"அப்ப இவளுக்கு மட்டும் ஏன் இப்படித் தண்ணியா?"

"ஆஸ்பத்திரியில தண்ணியாத்தான குடுக்கச் சொன்னாக?"

விசாரித்தால், நாலு மாதம் முன்பு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, நீராகாரம் கொடுங்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. அப்பத்தா நாலு மாதமாக டாக்டர் பேச்சைத் தட்டாமல் நடந்திருக்கிறார்!

அன்று நான் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழியாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான் பதம் என்று செய்து காட்டினேன். ரேஷன் பாமாயில் ஒரு டீஸ்பூன் மேலே விடச் சொன்னேன். அந்த ஒரு ஸ்பூனில் ஏறக்குறைய 40 கலோரி. குழந்தையின் வயிறு அதன் கைப்பிடி அளவுதான் இருக்கும், அதில் வெறும் தண்ணீரை நிரப்பினால் சோற்றுக்கு ஏது இடம்? அடுத்த மாதம் 7 கிலோ 350. கோடு நிமிர்ந்தது.

இவ்வளவு விரிவாக இதைச் சொல்வதற்குக் காரணம், இந்த வேலையில் முக்கால்வாசி இதுதான். சத்து என்றால் என்ன என்று வகுப்பெடுப்பதாக நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஆறு மாதத்தில் சலித்துப்போகிறார்கள். நல்ல செய்தி ஒன்று எந்த இடத்தில், யார் கையில், எப்படித் திரிந்துபோனது என்று துப்பறிகிற குணம் இருந்தால் நிலைப்பீர்கள்.

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான் முதல் சோதனை. எல்லாக் குழந்தைக்கும் வாரி வழங்காமல், மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாமல் நிற்கிற குழந்தைக்கு மட்டும் சில மாதம் கூடுதல் உணவு, அதோடு தாய்க்கு விளக்கம். எனக்குப் பிடித்தது அவர்கள் பணியாளரைத் தேர்ந்தெடுத்த விதம். அதே ஊர்ப் பெண், ஏழை வீடு, ஆனால் அவள் பிள்ளை கொழுகொழுவென்று இருக்க வேண்டும்! "இதே கூலியில இவ புள்ளைய எப்படி வளக்குறான்னு பாருங்க" என்று காட்டுவதற்கு அவளைவிட நல்ல சார்ட் உண்டா? அமெரிக்காவிலும் 1969 முதல் இப்படி ஒரு திட்டம் உண்டு. வருமானம் குறைந்த பகுதிகளில், அங்கேயே வாழ்கிற பெண்களைப் பயிற்றுவித்து, அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்லித்தர வைக்கிறார்கள்.

அப்படியானால் முதுகலை படித்த நீங்கள் எதற்கு என்று கேட்பீர்கள். அந்த ஊர்ப் பெண்ணைப் பயிற்றுவிக்க, அவள் எழுதிய பதிவேட்டைப் படித்து எந்தத் தெருவில் பிரச்சினை என்று கண்டுபிடிக்க, மேலிடத்துக்கு அதைப் புரியும்படி எழுத. உங்களுக்குச் சம்பளம் தருகிற வேலை பெரும்பாலும் இதுதான்.

இனி எங்கெங்கே வேலை என்று பார்ப்போம். பெரிய வாசல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். 1975 அக்டோபர் 2-ல் நாட்டின் 33 வட்டாரங்களில் மட்டும் தொடங்கி, பிறகு நாடு முழுக்கப் பரவியது, தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் அங்கன்வாடி மையங்கள். அங்கன்வாடி டீச்சராகச் சேர்ந்து மேற்பார்வையாளராக உயர்ந்தவர்கள் உண்டு. உங்கள் படிப்புக்குக் குறி வைக்க வேண்டியது வட்டார அளவில் இருக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பதவி. டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வரும். வருடா வருடம் வராது, வரும்போது இடங்களும் கொஞ்சம்தான். ஊட்டச்சத்து, மனையியல் பட்டம் அதற்குச் செல்லும். அறிவிப்பு வரும்வரை வீட்டில் உட்கார்ந்து படிப்பதைவிட ஏதாவது ஒரு களத்தில் இருந்துகொண்டே படியுங்கள்.

2018 மார்ச்சில் ஒன்றிய அரசின் ஊட்டச்சத்து இயக்கமான போஷன் அபியான் வந்தபோது மாவட்டம், வட்டார அளவில் ஒப்பந்த வேலைகள் வந்தன. நானும் வட்டார ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். மாதம் 20 ஆயிரம், பயணம் பாதி நம் கையிலிருந்து. பாதி நாள் செல்போனில் விவரம் ஏற்றுவதிலேயே போகும். சிக்னல் இல்லாத ஊரில் டீச்சர் புளியமரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார், நான் பக்கத்தில் நின்று "ஏறிருச்சா?" என்பேன்.

அரசு மருத்துவமனைகளில் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. மேல்கையின் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போன குழந்தைகள் அங்கே வரும். அங்கேயும் ஊட்டச்சத்து ஆலோசகர் வேலை உண்டு, அதுவும் ஒப்பந்தம். மருத்துவமனை பிடிக்காது என்கிறீர்கள், ஆனால் இது வேறு மாதிரி மருத்துவமனை. தாயும் குழந்தையோடு தங்குவதால் இரண்டு வாரம் அவளோடு உட்கார்ந்து சமைத்துப் பழக்கலாம்.

ஓரளவு நிரந்தரமும் மரியாதையான சம்பளமும் வேண்டுமென்றால் விவசாயிகளுக்குப் பயிற்சி தருகிற வேளாண் அறிவியல் நிலையங்களைப் பாருங்கள். நாட்டிலேயே முதலாவது 1974-ல் புதுச்சேரியில் தொடங்கியது, இன்று அநேகமாக மாவட்டத்துக்கு ஒன்று. மனையியல் பாட வல்லுநர் பணியிடம் பல நிலையங்களில் இருக்கும். சிறுதானியம், வீட்டுத் தோட்டம், மகளிர் குழுவுக்கு மதிப்புக் கூட்டல் என்று வேலை விரியும். இந்த வாசலை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், விவசாயம் படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைத்து.

ஆராய்ச்சிப் பக்கம் ஆசை இருந்தால் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அது 1918-ல் நம் குன்னூரில் ஒரு சின்ன அறையில், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வாகத் தொடங்கி, 1958-ல் ஹைதராபாத் போனது. சொன்னால் பலர் நம்புவதில்லை.

தொண்டு நிறுவனங்களைப் பற்றி ஒரே எச்சரிக்கை. நிதி மூன்று வருடத்துக்கு வரும், மூன்றாவது வருட மார்ச்சில் உங்கள் வயிற்றில் புளி கரைக்கும். நான் இருந்த இடத்தில் ஒருமுறை நாலு மாதம் சம்பளம் வரவில்லை. வேலையை மட்டும் நிறுத்தவிடவில்லை. இது நம் ஊர்ச் சீக்கு மட்டுமில்லை. அமெரிக்காவில் உணவு மானியத்தோடு சேர்ந்து நடந்த ஊட்டச்சத்துக் கல்வித் திட்டம் ஒன்றுக்கு 2025-ல் நிதியை வெட்டினார்கள், எத்தனையோ பேருக்கு வேலை போனது. ஆறு மாதச் சாப்பாட்டுக்குக் கையில் காசு வைத்துக்கொண்டு இறங்குங்கள். நாலைந்து வருட அனுபவமும் அறிக்கை எழுதத் தெரிந்த கையும் இருந்தால் பயிற்சியாளராக நாள் கணக்கில் சம்பாதிக்கலாம். நான் இப்போது செய்வது அது.

வேலைக்குப் பஞ்சம் வருமோ என்று பயப்பட வேண்டாம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லை. 1956-லிருந்து பள்ளியில் சோறு போடுகிற மாநிலத்தின் கணக்கு இது. கர்ப்பிணிக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18 ஆயிரம் ரூபாய் உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகமும் அதில் சேர்த்தி. கொடுப்பதில் நாம் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் இரும்புச் சத்து மாத்திரை பீரோ மேல் தூங்கும். "அதைத் தின்னா பிள்ளை கருப்பாப் பொறக்கும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருப்பார். மாத்திரை போட்டதும் மலம் கருப்பாகப் போவதைப் பார்த்து வந்த பயம் அது. கருப்பாகப் போவது இயல்புதான் என்று மாத்திரை கொடுக்கிற அன்றே சொல்லியிருந்தால் பாதிப் பேர் நிறுத்தியிருக்க மாட்டார்கள். விழுங்கிய கையோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாக ஒட்டாது, எலுமிச்சைச் சாறோடு என்றால் நன்றாக ஒட்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். இதற்கு முதுகலைப் பட்டம் வேண்டாம். அந்த அக்காவோடு அரைமணி நேரம் திண்ணையில் உட்காரும் பொறுமை வேண்டும்.

இன்னொன்று, ஊர்ச் சொற்களைக் கேலி செய்யாதீர்கள். 'சவலை' என்பார்கள். அம்மா மறுபடி உண்டாகி, தாய்ப்பால் நின்றுபோய் நோஞ்சானாகிற பிள்ளை. 1930-களில் ஒரு மருத்துவர் கானாவில் கேட்டுப் பாடப்புத்தகத்துக்குக் கொண்டுவந்த குவாஷியார்க்கர் என்ற சொல்லும், அடுத்த பிள்ளை வந்ததும் முதல் பிள்ளைக்கு வருகிற நோய் என்றே பொருள்படும். தேர்வுக்கு அதை மனப்பாடம் செய்தபோது எங்கள் பாட்டி வீட்டில் கேட்ட 'சவலை' எனக்கு ஞாபகம் வரவில்லை. யாரும் சேர்த்துச் சொல்லித்தரவில்லை.

முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் தெரு அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு, எடை போடும் நாளில் இரண்டு மாதம் கூடப் போங்கள். தராசைத் தூக்கிக்கொண்டு நடங்கள். வெயிலும் தெருநாயும் அழுகிற பிள்ளையும் பிடித்திருந்தால் விண்ணப்பம் போடலாம்.

வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்பதில் மட்டும் என்னால் உதவ முடியாது. எங்கம்மா இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் "எம் பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கா" என்றுதான் சொல்கிறார். கல்யாண வீடுகளில் நானும் அதைத் திருத்துவதில்லை.