முதல் உலகப் போரில் கடைசியாக உயிரிழந்த பிரிட்டிஷ் சிப்பாய் யார்?

ஜார்ஜ் எலிசன் என்பவரைத்தான் சொல்கிறார்கள். லீட்ஸ் நகரவாசி, வயது 40. முன்பே ராணுவத்தில் இருந்து விலகி, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1914-ல் போர் மூண்டதும் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். குதிரைப்படைக்காரர். அந்த வருடமே பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் சண்டையிட்டார். பதுங்குகுழி, விஷவாயு எல்லாவற்றையும் தாண்டி நான்கு வருடம் பிழைத்துக் கிடந்தார்.

1918 நவம்பர் 11 விடியற்காலை ஐந்து மணி வாக்கில் போர்நிறுத்தக் கையெழுத்து ஆகிவிட்டது. ஆனால் அமலுக்கு வருவது காலை 11 மணிக்கு. நடுவில் இருந்த அந்த ஆறு மணி நேரம்தான் வினை. அதே மோன்ஸ் நகரின் ஓரத்தில் ரோந்து போன எலிசன், சுமார் 9.30 மணிக்குச் சுடப்பட்டார். வீட்டில் மனைவியும், ஐந்து வயதுகூட நிரம்பாத மகனும்.

அவரது கல்லறை மோன்ஸுக்குப் பக்கத்தில், சென் சிம்போரியன் மயானத்தில் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே, சில அடி தூரத்தில் ஜான் பார். 1914 ஆகஸ்டில் சைக்கிளில் உளவு பார்க்கப் போய் இறந்தவர்; பிரிட்டிஷ் தரப்பில் முதல் பலி என்று கருதப்படுபவர். ராணுவத்தில் சேர வயதைக் கூட்டிச் சொல்லியிருந்தார். கல்லில் 20 என்று இருக்கும், உண்மையில் 17தான். இருவரையும் எதிரெதிரே வைக்கவேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை, தற்செயல்.

அப்புறம் ஒன்று: 10.58-க்கு இறந்த ஜார்ஜ் பிரைஸ் கனடா படை என்பதால் இந்தக் கணக்கில் வரமாட்டார். அவரும் அதே மயானத்தில்தான் கிடக்கிறார்.